ஏற்றத்தில் ஓடிய மின்சார ரயில்

முப்பது வருஷம் நீராவி எஞ்சின் ஓட்டிய ஸ்டான்லி விப்லி, 1959 ஜூன் மாதக் காலையில் கரி படியாது என்ற தைரியத்தில் வெள்ளைச் சட்டையோடு ராம்ஸ்கேட்டிலிருந்து லண்டனுக்கு முதல்முறையாக மின்சார ரயிலை எடுத்தார். பக்கத்தில் ரயில்வே ஆய்வாளர் கோஸ்லிங்.

ரோச்செஸ்டர் பாலம் தாண்டியதும் ஐந்து மைல் ஏற்றம். நீராவி எஞ்சின்கள் மூச்சிரைத்து ஊர்ந்த இடம் அது. ஸ்டான்லி கைப்பிடியை முழுக்கத் திருப்பினார். ரயில் சீறிக்கொண்டு ஏறியது.

"என்னய்யா, தனியா சிரிக்கிறீங்க?" என்றார் கோஸ்லிங்.

"முன்னெல்லாம் இந்த ஏத்தம் ஏறி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு கப் டீ குடிப்பேன் சார். இன்னிக்கு ஃபிளாஸ்க்கைத் திறக்கக்கூட நேரமில்ல!"

விக்டோரியா நிலையத்துக்கு வெளியே சிவப்பு விளக்கு. கோஸ்லிங் இறங்கி, சிக்னல் கம்பத்திலிருந்த போனில் சிக்னல்காரரிடம் பேசிவிட்டு வந்தார்.

"நாலு நிமிஷம் முன்னாடியே வந்துட்டோமாம். பிளாட்பாரம் காலியாகலையாம். இவ்வளவு வேகமா வந்தா எப்படின்னு திட்டறான்!"

"இந்தத் திட்டை வாங்க முப்பது வருஷம் ஆச்சு சார்!" என்று ஸ்டான்லி தொடையில் தட்டிச் சிரித்தார்.