குனியும் அளவு

இடுப்பு வலிக்காரர்களைக் குனியச் சொல்லி, விரல் நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளப்பதுதான் ஆஸ்பத்திரியில் ஷ்யாமளாவின் வேலை. இடுப்பில் கட்டக் கொடுத்திருக்கும் புதுத் தோல் பெல்ட் யாருக்குக் குணம் தருகிறது என்று டாக்டர் ஜகந்நாதன் அந்த அளவை வைத்தே முடிவு செய்வார். தாராவியில் தோல் மூட்டை தூக்கும் நாகூர் மீரானின் விரல் போன மாதம் முழங்காலைத் தாண்டவில்லை. இன்று தரையைத் தொட்டுவிட்டது.

"பூரண குணம். திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம்," என்று சொல்லிவிட்டு டாக்டர் தன் அறைக்குப் போனார்.

மீரானின் முகம் வேர்த்திருந்தது ஷ்யாமளாவை உறுத்தியது. அவன் மனைவி மதீனா பீவி சிரித்தாள்.

"பரீட்சைக்குப் போற புள்ள மாதிரில்லா விடியமுன்ன எந்திச்சு குனிஞ்சு பாக்காவ. நான் எண்ணெ போட்டு நீவணும். பொறவு சாயங்காலம் வரைக்கும் பாயிலதான் கெடக்காவ."

"சும்மா இருட்டி," என்றான் மீரான். "தொடாட்டி பெல்ட்டப் பிடுங்கிருவாகன்னு பயந்துட்டேம்மா."

ஷ்யாமளாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டாக்டரிடம் தானாகப் போய் அவள் பேசியதே இல்லை. பேசாவிட்டால் திங்கட்கிழமை இந்த முதுகில், பட்டாளத்து பூட்ஸுக்கான ஈரத்தோல் மூட்டை ஏறும்.

"செத்த உட்காருங்கோ," என்று சொல்லிவிட்டு நடந்தாள். பாதி வழியில் திரும்பினாள். மறுபடி நடந்தாள்.

"சார், அந்த அளவு சரியில்லை. ஆத்திலே குனிஞ்சு பழகிண்டு வரார். முன்கூட்டிச் சொல்லாம மறுபடி அளக்கணும்."

டாக்டர் நிமிர்ந்தார். "இவரை மட்டுமா?"

"எல்லாரையும், சார்."