இரவல் தொண்டை

வானொலி நிலையத்து அறிவிப்பாளர் ஹெட்போனை நீட்டியபோது நடிகர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஐம்பது வருஷம் கேமராவுக்கு முன்னால் நின்ற மனுஷன் ஒரு மைக்கைப் பார்த்துப் பயப்படுவாரா? பயந்தார். எந்த வானொலியிலும் அவர் இதுவரை பேசியதே இல்லை, அதுதான் சங்கதி.

ஊர் உலகமே அறிந்த அந்தக் கணீர்க் குரல் அவருடையது அல்ல. ஆளைப் பார்த்தால் மலை, வாயைத் திறந்தால் கீச்சுக் குரல். முதல் படத்திலேயே தயாரிப்பாளர் காதைப் பொத்திக்கொண்டு ஒரு டப்பிங்காரரைக் கூட்டிவந்தார். படத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வானொலிப் பேட்டிகளுக்கும் அந்த டப்பிங்காரரே பதில் பேசி, டேப்பை அனுப்பிவைத்தார். சாமி உண்டா, சங்கீதம் பிடிக்குமா, அரசியலில் யார் பக்கம் என்று கேட்டதற்கெல்லாம் தன் மனதில் பட்டதைச் சொன்னார். ஜனங்கள் அதை நடிகரின் கருத்து என்று நம்பினார்கள். நடிகரோ மேடைகளில் கைகூப்பிச் சிரித்துவிட்டு இறங்கிவிடுவார். அதிகம் பேசாத தங்கமான மனுஷன் என்று பெயர் வேறு!

இன்றைக்கு நேரலை. டப்பிங்காரர் தன் வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசுவதாகத்தான் ஏற்பாடு. நான்கு நாளைக்கு முன் அவர் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கச் செயலிழந்து, பேச்சும் போய்விட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

நிகழ்ச்சியை ரத்து செய்துவிடலாம் என்று நடிகர் ஆஸ்பத்திரி வராந்தாவில் முணுமுணுத்தபோது, டப்பிங்காரரின் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ணே. போய்ப் பேசுங்க. படத்துல வர்ற குரல் இவரோடதுன்னு உங்க வாயால ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க. தலைமாட்டுல ரேடியோ வைக்கிறேன். காது நல்லா கேக்குது. அதைக் கேட்டுட்டாவது போகட்டும்."

"சொல்றேம்மா. சத்தியமா சொல்றேன்."

அப்போது முழு மனதோடுதான் சொன்னார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. "வணக்கம் ஐயா!" என்றாள் அறிவிப்பாளர்.

"வணக்கம்."

அறிவிப்பாளர் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர், கோளாறு தன் மெஷினில்தான் என்று நினைத்து எதையோ திருகினார். சொல்லு, இப்பவே சொல்லித் தொலை என்று நடிகரின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"தொண்டை கட்டியிருக்கும்மா" என்றார்.

அடப்பாவி மனுஷா!

"கடவுள் நம்பிக்கை கிடையாதுன்னு பல தடவை சொல்லியிருக்கீங்க. இந்த வயசுலயும் அப்படித்தானா?"

காலையில் கும்பிட்டு எடுத்துவந்த சின்னச் சாமி படம் அவர் சட்டைப்பையில் இருந்தது. முப்பது வருஷமாகத் துணி அலமாரிக்குள் ஒளித்துவைத்துத்தான் கும்பிடுகிறார். நாத்திகர் என்று பெயர் வாங்கியாகிவிட்டது, வேறு எங்கே வைத்துக் கும்பிடுவது?

"அப்படித்தான்" என்றார்.

"இசைன்னா உங்களுக்கு உயிர். இப்பவும் தினம் வயலின் வாசிக்கிறீங்களா?"

வயலினை எந்தத் தோளில் வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. "விரல் வலிம்மா, விட்டுட்டேன்."

"அந்தப் பெரிய வேலைநிறுத்தத்தப்போ எல்லா நடிகர்களும் வாயை மூடிக்கிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் ரேடியோவுல 'நான் தொழிலாளிங்க பக்கம்'னு சொன்னீங்க. பயமா இல்லையா?"

பயமா? அந்தப் பேட்டி வந்த அன்று டப்பிங்காரரின் வீட்டுக்கே போய், "என்னை ஒழிச்சுக்கட்டப் பாக்கறியா?" என்று குதித்தவர் இவர். மறுவாரம் தொழிலாளிகள் தோளில் தூக்கிக்கொண்டு போனபோது பேசாமல் ஏறி உட்கார்ந்துகொண்டவரும் இவரேதான்.

"எனக்கென்ன பயம்? மனசுல பட்டதை நான் எப்பவும் என் வாயாலதான் சொல்வேன்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அறிவிப்பாளருக்கு அந்தக் கீச்சுக் குரலைச் சமாளிக்க முடியவில்லை. "ஐயாவுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லை. புகழைப் பத்தி முன்னாடி அவர் சொன்னதைப் போடுறோம், கேளுங்க" என்று ஒலிப்பதிவாளருக்குச் சைகை காட்டினாள். அந்த டேப்பை நடிகர் ஒருநாளும் போட்டுக் கேட்டதில்லை.

டப்பிங்காரரின் குரல் ஹெட்போனில் கணீரென்று எழுந்தது.

"புகழா? நான் தெருவுல நடந்தா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. கடையில என் குரல் ஓடிட்டிருக்கும், பக்கத்துலயே நின்னு டீ குடிப்பேன். என்னிக்காவது ஒருத்தர் தோள்ல தட்டி, 'இது நீதானே'ன்னு கேட்டா போதும்."

"என்ன குறும்பு பாருங்க! ஐயாவையாவது தெருவுல தெரியாம இருக்கறதாவது!" என்று அறிவிப்பாளர் சிரித்தாள்.

"அது நான் இல்லம்மா" என்றார் நடிகர்.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. டப்பிங்காரரின் பெயரைச் சொன்னார், மறுபடியும் சொன்னார். படத்தில் பேசியது அவன், தொழிலாளிகளுக்காகப் பேசியது அவன், அதற்காக அவனைத் திட்டியது மட்டும்தான் நான் என்றார். சாமி படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். குழந்தை மாதிரி அழுதார். அறிவிப்பாளர் பதறிப்போய்ப் பாட்டுப் போடச் சொன்னாள். அவர் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி முதல் நர்ஸ் வரை அதே பேச்சு. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் அறைக்குள் நுழைந்தார்.

தலைமாட்டில் ரேடியோ இருந்தது. சத்தம் இல்லை.

"கேட்டானாம்மா? பேரோட சொல்லிட்டேன்மா!"

டப்பிங்காரரின் மனைவி புரியாமல் விழித்தாள். "எதைச் சொன்னீங்கண்ணே? 'என் வாயாலதான் சொல்வேன்'னீங்களே, அப்பவே இவரு இடது கையைத் தூக்கி ரேடியோவை அணைச்சிட்டாரு. திரும்பப் போடப் போனேன், என் கையைத் தட்டிவிட்டாரு. அதுக்கப்புறம் கண்ணைத் திறக்கவே இல்ல."

மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. நடிகர் கட்டிலருகே மண்டியிட்டு அந்தக் காதுக்குள் குனிந்தார். தோளில் தட்டினார்.

"டேய், இது நீதானேடா?"

மறுபடி தட்டினார். "நீதானேடா?" என்று பலமாகத் தட்டினார். "போதும்ணே, வலிக்கும்" என்று அவள் கையைப் பிடிக்கிற வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தார்.