வேகாத கொழுக்கட்டை

ஆதிரையை வாக்கரில் உட்கார வைத்த நாளிலிருந்து வீட்டுக் கூடம் நீண்டுகொண்டே போனது. பூரணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து மாதக் குழந்தைக்கு ஓட இடம் வேண்டாமா?

மூன்றாம் மாடி வீடு அது. வாக்கரின் சக்கரம் நிலைப்படியைத் தாண்டிய அன்றே பூரணி கொழுக்கட்டை பிடித்தாள். குழந்தை தவழ்ந்து படி தாண்டினால் கொழுக்கட்டை கொடுப்பது அவர்கள் வழக்கம். தவழ்வதற்கு முன்பே தாண்டிவிட்டாளே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து வீட்டு சகாயமேரி கொழுக்கட்டைத் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"மாவாவே இருக்கு பூரணி."

"மூணு தடவ வேக வச்சேன்க்கா."

"புள்ள தாண்டுச்சா, வண்டி தாண்டுச்சா?"

"வண்டி."

"அப்பறம் எப்படி வேகும்?"

சொல்லிவிட்டு சகாயமேரி தன் வீட்டுக்குப் போனாள். கூடத்தைக் கடந்து வாசலை அடையவே அரை நாள் பிடித்தது.

மாடிப்படி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. தினமும் ஓரடி நகர்ந்து, இப்போது வாசலிலேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஆதிரை சிரித்தபடி அதை நோக்கிப் பாய்ந்தாள். பூரணி கூடம் முழுக்க ஓடினாள். வழியில் இரண்டு பஸ் நிறுத்தங்கள் வந்தன. எதிலும் நிற்கவில்லை.

விளிம்பில் குழந்தையை அள்ளிவிட்டாள். வாக்கர் மட்டும் தடதடவென்று உருண்டது. மாடிப்படி ஏப்பம் விட்டது. ஆனால் நகரவில்லை. பூரணி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு குழந்தையைத் தரையில் விட்டாள்.

"யாரும்மா இது?" என்றது தரை.

"எங்க ஆதிரை. இத்தன நாளா இங்கதானே இருக்கா?"

"நுனிவிரல்தான் பட்டிருக்கு. முழுசாப் பாத்ததில்ல."

ஆதிரை தன் பாதங்களை முறைத்தாள். இத்தனை நாள் வாக்கரின் தட்டு மறைத்திருந்தது. யாரோ இரண்டு பேர் என்று நினைத்து வீரிட்டு அழுதாள். பூரணியும் அழுதாள். 'நானே கெடுத்துட்டேனே' என்று மனம் அடித்துக்கொண்டது. குழந்தையைக் குப்புறப் போட்டு, அவளும் பக்கத்தில் குப்புறப் படுத்தாள்.

அழுகை ஓய்ந்ததும் ஆதிரை கைகளை ஊன்றித் தள்ளினாள். பின்பக்கமாகப் போனாள்.

"தப்பான பக்கம் போறாளே!"

"போகட்டும்," என்றது தரை. "இப்பத்தான் பழகுறோம்."

அன்று கூடத்தின் நடுவிலேயே சோறூட்டினாள். அங்கேயே படுத்தார்கள். கூடம் இன்னும் நீளமாகத்தான் இருந்தது. பூரணிக்கு அவசரமில்லை.

விடிந்ததும் ஆதிரை ஒரு முழங்காலைத் தூக்கி முன்னால் வைத்தாள்.