மதகுக்கு எட்டாத தண்ணீர்

தை மாதம், மதகு திறக்கிற நாள். முதல் தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் பிடித்துக்கொண்டு போய் வேம்புலியம்மனுக்கு ஊற்ற வேண்டும், அப்புறம்தான் வயலுக்கு. குத்தம்பாக்கம் தாண்டி இருக்கிற அந்தச் சின்ன ஊரின் வழக்கம் அது. இந்த வருஷம் குடம் சித்ராவின் இடுப்பில் இருந்தது. அவளுக்கோ வயிறு எரிந்தது.

பின்னே எரியாதா? ஊர் ஏரியைத் தூர் வாருகிறேன் என்று வந்த காண்டிராக்டர் குணசேகரன், உள்ளே இறங்கி இரண்டு வருஷமாக லாரி லாரியாகச் சவுடு மண்ணை அள்ளினான். ரோடு போடுகிறவர்களுக்கும் மனை பிரிக்கிறவர்களுக்கும் மண் போனது. ஊருக்கு என்ன கிடைத்தது? அம்மன் கோயிலுக்கு ஒரு வளைவு. அதிலும் அம்மன் பெயரைவிட அவன் பெயர் பெரிது. நாலு பேருக்கு லாரி ஓட்டுகிற வேலை, மண் தீர்ந்ததும் அதுவும் போச்சு. இத்தனைக்கும் தலையாட்டியது கோயில் தலைவர் தேவராஜ், சித்ராவின் சொந்த அண்ணன்.

மதகின் வாயைவிட ஓர் ஆள் ஆழம் கீழே தோண்டியிருந்தார்கள். மழை நன்றாகத்தான் பெய்தது. தண்ணீர் பள்ளத்தில் பளபளவென்று கிடந்தது, மதகை மட்டும் எட்டவில்லை. எல்லார் கண்ணுக்கும் அது தெரிந்தது. வாயைத் திறக்கத்தான் ஒருத்தருக்கும் துப்பில்லை. சித்ரா மட்டும் கார்த்திகையிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய கீரைப் பாத்தி அந்த மதகை நம்பி இருந்தது. பூந்தமல்லி மார்க்கெட்டுக்கு அவள் கட்டுகிற கீரையில்தான் மகள் நிஷாவின் நர்ஸிங் படிப்பு ஓடியது.

குணசேகரன் தலையில் பரிவட்டம் கட்டிக் கற்பூரம் காட்டினார்கள். அவன் சக்கரத்தைச் சுற்ற, மதகுப் பலகை மேலே ஏறியது. கால்வாயில் ஒரு சொட்டு விழவில்லை. காய்ந்த சருகுதான் கிடந்தது.

அவன் அசரவே இல்லை. "இதுக்கு இன்னா கவலை? டீசல் எஞ்சின் ஒண்ணு வாங்கித் தரேன். போட்டு எறச்சிக்கோங்க," என்றான்.

கை தட்டினார்கள். வெட்கங்கெட்ட ஜனம், கை தட்டியது.

"எஞ்சின் நீ குடுப்ப. டீசல் யாரு ஊத்துவா?" என்றாள் சித்ரா. "சும்மா பாஞ்சினு இருந்த தண்ணி. எங்க மண்ண வித்துத் தின்னுட்டு, எங்களுக்கே எண்ணெ செலவு வெக்கிறியா?"

"வாய மூடு சித்ரா," என்று பல்லைக் கடித்தார் தேவராஜ். "சார் வந்துகீறாரு. ஊட்ல போயி பேசிக்கலாம்." குணசேகரனின் காரிலிருந்து ஒரு கேன் தண்ணீரை எடுத்துவரச் செய்தார். "இத்த ஊத்திகினு போ. நேரம் ஆவுது. அம்மனுக்கு இன்னா தெரியப் போவுது?"

சித்ராவுக்கு அண்ணன் என்றுகூடப் பார்க்காமல் அறைந்துவிடலாம் போலிருந்தது. கேனைத் தள்ளிவிட்டு, வெறுங்குடத்தோடு விடுவிடுவென்று நடந்தாள். வளைவைத் தாண்டிக் கோயிலுக்குள் போய், சன்னதி முன்னால் குடத்தை நங்கென்று வைத்தாள். கூட்டம் பின்னாலேயே வந்து நின்றது.

பூசாரி குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, காலியா கீது? அபிஷேகத்துக்கு இன்னா ஊத்தறது?"

சித்ரா திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"தலைவரு கீறாரு இல்ல, அவர கேளுங்க. டீசல் ஊத்தச் சொல்லுவாரு."