அசோலா போர்த்திய குட்டை

எருத்தேன்பதியில் குடிதண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓடுவார்கள். அப்படிப்பட்ட ஊரை ஒரே மத்தியானத்தில் முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தியவள் மௌனிகா. கம்ப்யூட்டரில்தான்.

பாலக்காட்டில் மூன்று மாத வகுப்பு அது. செயற்கைக்கோள் எடுத்த படங்களை அலசி வரைபடம் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கடைசித் தேர்வுக்கு அவரவர் ஊரின் படத்தில் எது மரம் செடி, எது தண்ணீர், எது வெறும் மண் என்று பிரித்துக் காட்ட வேண்டும். வாத்தியார் ஊருக்கே வந்து இருபது இடங்களில் நின்று பார்ப்பார். பதினேழு இடம் ஒத்துப்போனால் சித்தூரில் நீர்வளத் திட்டத்தில் வேலை. இல்லாவிட்டால் மௌனிகா பொள்ளாச்சித் துணிக்கடைக்கே திரும்ப வேண்டும். அங்கே காலை முதல் இரவு வரை உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது.

அந்தப் படம் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டம் என்றால் தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அங்கே பட்டுத் திரும்பிய வெளிச்சம் எவ்வளவு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் சில எண்கள் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சமும் அதில் சேர்த்தி. பச்சை இலை அகச்சிவப்பை வாரித் திருப்பி எறியும், தண்ணீர் விழுங்கிவிடும். கம்ப்யூட்டருக்குத் தென்னையும் தெரியாது, குளமும் தெரியாது. நாம் சில கட்டங்களைக் காட்டி ‘இது தண்ணீர்’ என்று சொன்னால், அதே மாதிரி எண்கள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் நீலம் பூசிவிடும். சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான்.

மற்ற மாணவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கறுப்பாகத் தெரிந்த கட்டங்களைத் தேடினார்கள். மௌனிகாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. தன் வீட்டுக் குட்டை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? ஒன்பது கட்டம். சுற்றிக் கோடு போட்டு ‘தண்ணீர்’ என்று எழுதி, பட்டனைத் தட்டினாள். தோப்பு, வயல், தோட்டம் எல்லாம் நீலமாயின.

கல்பாத்திக்காரரான ஹரிஷங்கர் சார் பின்னால் வந்து நின்றார்.

“என்னம்மா, பஞ்சாயத்தையே முழுக்கிட்டே. வெள்ளிக்கிழமை நான் தோணியிலேயாக்கும் வரணும்?”

“குட்டையத்தானுங்க சார் காட்டுனேன். எங்கூட்டுக் குட்டைங்க. பொறந்ததுலிருந்து பாக்கறனுங்க.”

“நீ பாக்கறே, சரி. கேமரா என்ன பாத்துது?” குட்டையைப் பெரிதாக்கினார். அகச்சிவப்பில் அது தோப்பைவிடப் பிரகாசமாகத் தகதகத்தது. “ஜலத்துக்கு மேலே என்னத்தைப் போர்த்தி வெச்சிருக்கேள்?”

மௌனிகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அசோலா. மாடுகளுக்குத் தீவனமாகப் போட அம்மா கமலாத்தாள் வளர்க்கும் மிதக்கும் நீர்ச்செடி. இக்கரையிலிருந்து அக்கரைவரை பச்சை ஜமக்காளம் விரித்ததுபோல மூடிக் கிடந்தது.

“உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக் குடுக்காதே. கேமரா பாத்ததைச் சொல்லிக் குடு” என்றார் சார்.

வாய்க்காலையும் திறந்து கிடந்த வேறு இரண்டு குட்டைகளையும் காட்டியதும் ஊர் கரையேறியது. வீட்டுக் குட்டை பச்சையாக மாறியது. அன்று மாலை அம்மாவிடம், “நம்ம அசோலாவுல என்ற படமே கெட்டுப்போச்சும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். மீதியையும் சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பத்தொன்பது இடங்களைப் பார்த்து முடித்தபோது பதினாறு சரி. ஓரிடத்தில் நிழல்வலைப் பந்தல் தோப்பாகியிருந்தது. இரண்டு இடங்களில் மேகத்தின் நிழல் குளமாகியிருந்தது. இருபதாவது இடம் வீட்டுக் குட்டை. வரைபடத்தில் பச்சை. மௌனிகா சாரைவிட நாலடி முன்னால் நடந்தாள்.

குட்டையில் வானம் தெரிந்தது. ஒரு பொட்டுப் பச்சை இல்லை.

கரையில் கமலாத்தாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். பக்கத்துத் தோட்டத்து மாரப்பன் அசோலா வாரிய கொசுவலையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“ஏம்மா, இத யாரு வாரச் சொன்னது?”

“நீதான கண்ணு சொன்ன, படம் கெட்டுப்போச்சுனு. வெடியக்காலமே எறங்கிட்டோம். மாரப்பண்ணனுக்கு முதுகே புடிச்சுக்கிச்சு.”

மாரப்பன் தலையைக் கோதிக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார். “இப்ப எடுக்கச் சொல்லு புள்ள.”

“படம் மூணு வாரத்துக்கு முந்தியே எடுத்தாச்சுங் மாமா.”

மாரப்பன் கையை இறக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“வரைபடத்திலே செடி, தரையிலே ஜலம்” என்று சார் பேனாவைத் திறந்தார்.

“படம் எடுத்தன்னைக்குப் பச்சைதானுங்க சார்.” மௌனிகா கரைக்குப் பின்னால் கைகாட்டினாள். ஆள் உயரத்துக்கு அசோலாக் குவியல். அதில் மூக்குவரை புதைந்து எருமை தின்றுகொண்டிருந்தது.

“அது இன்னிக்கு வாரினது. அசோலா கிடுகிடுன்னு பெருகுமே. மூணு வாரம் முந்தி இருந்ததுக்கு என்ன அத்தாட்சி, நீயே சொல்லு பாப்போம்?”

துணிக்கடையின் டியூப்லைட்டுகள் மௌனிகாவின் கண்முன் எரிந்தன. அப்போது நீலமும் ஞாபகம் வந்தது.

“ஊரு முழுகுனதுதானுங்க சார் அத்தாட்சி. அன்னைக்குக் குட்டை பச்சையா இல்லாட்டி, அதக் காட்டித் தண்ணினு சொன்னதுக்குத் தோப்பெல்லாம் எப்படிங்க முழுகும்?”

சார் தோள் குலுங்கச் சிரித்தார். ‘படத் தேதிக்குப் பின் தரை மாறியது, வரைபடம் சரி’ என்று எழுதி, பதினேழு என்று சுழித்தார்.

“ஏனுங்க சார், அந்தக் கேமரா மறுக்கா எப்ப வரும்?” என்றார் மாரப்பன்.

“அஞ்சு நாளுக்கு ஒருதரம் வரும். அடுத்தது புதன்கிழமை.”

கமலாத்தாள் சேலையை இழுத்துச் செருகினாள். “அப்பச் செவ்வாக்கெழமைக்குள்ள தோப்பையும் கூட்டிப்போடலாமுங்ணா.”