ஒரு வண்டிக்கு இரண்டு பேர்

நரின் ஆற்றின் மேல் கிடந்த மூடுபனி இன்னும் விலகவில்லை. சைரகுல் நான்காவது மாடியை நோக்கி மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு தோளில் மருந்துப் பை, மறு தோளில் ஷாக் மெஷின், கையில் ஆக்சிஜன் உருளை. லிஃப்ட் இல்லாத பழைய குடியிருப்பு அது. படிக்கட்டெங்கும் நிலக்கரிப் புகை நாற்றம். வாசலில் உருகி மறுபடி உறைந்திருந்த பனியில் ஒருமுறை வழுக்கி, முழங்காலில் அடிபட்டிருந்தது. நின்று பார்க்க நேரமில்லை.

முன்பெல்லாம் ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளர்கள் இருவர் போவார்கள். ஆம்புலன்ஸ் நிலையத்தைக் குத்தகைக்கு எடுத்த எசென்கெல்தி, வண்டிக்கு ஒருவர் போதும் என்று முடிவுகட்டிவிட்டான். ஓட்டுநரும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. உள்ளே ஏதாவது களவு போனால் அவர் தலையில்தான் விடியும்.

கதவு திறந்து கிடந்தது. சமையலறைக் கட்டிலில் கொதிகலன் கூடத்துத் தொழிலாளி அசன்குல் மல்லாந்திருந்தார். நகக்கண்களில் கரி. உதடுகள் நீலம். அவர் மனைவி புருல், சைரகுலின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மூச்சு இருக்கு! பாருங்க, வாயத் தொறந்து தொறந்து மூடுறாரு!"

கரையில் போட்ட மீனைப் போல அந்த வாய் எப்போதாவது ஒருமுறை திறந்தது. சைரகுல் கழுத்தில் விரல் வைத்தாள். நாடி இல்லை.

"அது மூச்சில்லம்மா. காலப் புடி, தரைக்கு எறக்கணும். மெத்தையில அமுக்கினா மெத்ததான் அமுங்கும்."

இறக்கினார்கள். சைரகுல் மண்டியிட்டு, மார்பின் நடுவில் உள்ளங்கையை ஊன்றி, அதன்மேல் மறு கையைப் பதித்து, முழங்கை மடியாமல் உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினாள். அமுக்கு, விடு, அமுக்கு, விடு. உள்ளே மெல்ல ஏதோ முறிந்தது.

"எலும்ப ஒடைக்கிறீங்களே!" என்று அலறினாள் புருல்.

"எலும்பு கூடிக்கும். இங்க வா, நான் செய்யற மாதிரி நீ அமுக்கு. பயப்படாம அமுக்கு!"

மெஷினைத் திறக்க வேண்டுமானால் நெஞ்சை விட வேண்டும். மூச்சு ஊட்டும் காற்றுப் பையைப் பிடித்தாலும் நெஞ்சை விட வேண்டும். புருலின் கைகள் கணவனின் நெஞ்சைத் தடவின, அமுக்கவில்லை. மெஷினின் பட்டைகளை அவர் நெஞ்சில் ஒட்டியதும் திரையில் அந்த இதயம் தாறுமாறாக நடுங்குவது தெரிந்தது. நின்றுவிடவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தது. "தள்ளிப் போ! தொடாத!" மின்சாரம் பாய்ந்து உடம்பு துள்ளியது. மறுபடி கையூன்றினாள். மறுபடி ஷாக். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. தன் கை ஓய்ந்துவிட்டதை, தான் அமுக்குவது ஆழத்துக்குப் போகவில்லை என்பதை, அவள் உணர்ந்தே இருந்தாள். மாற்றிக்கொள்ளத்தான் கை இல்லை.

ஜன்னல் வழியே கீழே பார்த்து உதவிக்குக் கத்தினாள் புருல். விதியை மீறி ஓட்டுநர் தொக்தோசுன் மேலே ஓடி வந்து அமுக்கத் தொடங்கினார். ஆனால் திரையில் கோடு நேராகிவிட்டது. வெகுநேரம் கழித்துத்தான் அவர் கையை எடுத்தார்.

நிலையத்தில் எசென்கெல்தி தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னான்.

"நீ போறதுக்கு முன்னாடியே செத்துட்டான்னு சொல்லிடு. கத முடிஞ்சிரும்."

"அப்ப உயிர் மிச்சம் இருந்துச்சுங்க. துடிப்பு மெஷின்ல தெரிஞ்சது."

"உன்னால முடியலன்னு ஒத்துக்கறியா?"

"ஒத்த ஆளால முடியாதுன்னு சொல்றேன்."

"முடியற ஆளப் பாத்துக்கறேன். வெளிய நிறைய பேர் நிக்கிறாங்க."

"நீங்க உக்காந்திருக்கீங்களே அந்த மெத்தை, அத ஒரு பாட்டு முடியற வரைக்கும் அமுக்கிக் காட்டுங்க. அப்புறம் பேசுவோம்."

கரண்டி நின்றது. "வெளிய போ," என்றான் அவன்.

ஓய்வறையில் மற்ற உதவியாளர்களும் ஓட்டுநர்களும் சூழ்ந்திருக்க, தொக்தோசுன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் அடித்தார்.

"எல்லா வண்டிச் சாவியையும் ஆத்துல வீசணும். ஒரு வண்டி கெளம்பக் கூடாது!"

"அப்படி நிறுத்தினா யாருண்ணே சாவாங்க?" என்றாள் வேலை முறை முடிந்து கிளம்பவிருந்த உதவியாளர் நுர்ஜமால். "எசென்கெல்தியா? அவனுக்கு நெஞ்சு வலிச்சா தலைநகருக்குப் பறந்துருவான். சாவறது நம்ம ஜனந்தான்."

அடுப்பில் கெண்டி கொதித்து வழிந்தது. சைரகுல் எழுந்து அதை இறக்கி வைத்தாள்.

"வண்டி நிக்க வேண்டாம்," என்றாள் மெதுவாக. "ஒத்தையாவும் போக வேண்டாம். முறை முடிஞ்சவங்க மாறி மாறி ஏறிக்குவோம். ஓட்டுறவங்களும் படியேறட்டும். எசென்கெல்தி பிடிவாதத்த விட்டு இறங்கி வர்ற வரைக்கும்."

"அப்ப தூங்கறது எப்பக்கா?" என்றாள் நுர்ஜமால்.

"தூக்கம் கொறையத்தான் செய்யும். இன்னிக்கு எனக்குத் தூக்கம் வரும்னு நெனக்கிறியா?"

"வேலைய விட்டுத் தூக்கிருவானே?" என்று இன்னொருவர் கேட்டார்.

"ஒருத்தரத் தூக்குவான்," என்றார் தொக்தோசுன். "எல்லாரையும் தூக்கிட்டு அவனே போய் அமுக்கட்டும். நகர மன்றத்துல புகார் குடுக்கவும் சேர்ந்தே போவோம். பயமா இருக்கறவங்க இப்பவே சொல்லிருங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

ஓரத்தில் ஒருவர் தலை குனிந்தார். "எனக்குப் புள்ளைங்க இருக்கு," என்றார். பிறகு நிமிர்ந்து, "அதுங்களுக்கும் நாளைக்கு வண்டி வரணுமில்ல. நானும் வர்றேன்," என்றார்.

அவசர அழைப்பு மணி அடித்தது. சந்தைக்குப் பின்னால், ரொட்டி சுடுகிற பெண்ணுக்கு நெஞ்சில் பாரம், தாடைவரை வலி, குளிர்ந்த வியர்வை.

சைரகுல் பையைத் தூக்கினாள். நுர்ஜமால் அவிழ்த்த மேலங்கியை மறுபடி மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். எசென்கெல்தி முற்றத்துக்கு ஓடி வந்து வாயிலை மறித்தான்.

"நுர்ஜமால், எறங்கு! ஒன் முறை முடிஞ்சுது. எறங்கலன்னா நாளைக்கு வராத!"

அவள் இறங்கவில்லை. ஓய்வறையிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யாரும் அவனைத் தொடவில்லை, திட்டவில்லை. வாயிற்கதவின் இரண்டு பக்கங்களையும் பிடித்து அகலத் திறந்தார்கள்.

"அங்க ஒரு அம்மா தவிச்சுக்கிட்டிருக்கு. வழிய விடுங்க," என்றார் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னவர்.

தொக்தோசுன் வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். எசென்கெல்தி ஒதுங்கினான். "ஒவ்வொருத்தரையும் பாத்துக்கறேன்!" என்று அவன் கத்தியது சைரன் ஒலியில் கரைந்தது.

பாலத்தின் மேல் வண்டி குலுங்கியது. நுர்ஜமால் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு என்னக்கா ஆகும்?"

"தெரியலடி." சைரகுல் மெஷினின் பட்டைகளை எடுத்து வைத்தாள். "போனதும் நான் மெஷின்ல துடிப்பப் பாக்கறேன், நீ மருந்து குடு. ஒருவேளை இதயம் நின்னுட்டா நீ அமுக்க ஆரம்பி. ஒன் கை ஓயறதுக்குள்ள நான் வாங்கிக்கறேன்."

"என் கையும் ஓயும்," என்றார் முன்னாலிருந்து தொக்தோசுன், "ஆனா நானும் மேல வருவேன்."