பின்சீட்டுப் பேச்சு

சட்டையின் கழுத்துப் பொத்தான் மட்டும் ஓட்டைக்குள் போக மறுத்தது. மூத்தவள் கட்டிலில் முழங்காலை ஊன்றி, அப்பாவின் காலரை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி பல்லைக் கடித்தாள். விடிகாலையில் போன உயிர். நோயில் உடம்பு முழுக்க வற்றிப்போனவருக்குக் கழுத்து மட்டும் எப்படிப் பெருத்தது என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தப் பொத்தானைப் போடாமல் அவர் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை.

"விட்டுடும்மா, திறந்தே கிடக்கட்டும்," என்றாள் கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற அம்மா. "இனிமேயாவது காத்து படட்டும்."

கதவருகே யாரோ செருமினார்கள். அம்மாவின் தம்பி. கண் சிவந்திருந்தது. மாமா உள்ளே வந்து அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கடைசியா ஏதாவது சொன்னாராம்மா?"

மூத்தவளுக்கு மனசு இளகியது. இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. "கண்ணைத் திறந்து பாத்தார் மாமா. 'காத்து வரல, கொஞ்சம் தள்ளி நில்லு'ன்னார். அவ்வளவுதான்."

"தள்ளி நில்லுன்னா?"

"ஜன்னலை மறைச்சுக்கிட்டு நின்னேன். அதான்."

மாமா தாடையைத் தடவினார். "உன்னை மட்டும் சொன்னாரா, இல்ல பொதுவா சொன்னாரா? இப்போதைக்கு ஷேர் வாங்காம தள்ளி நில்லுங்கங்கிற மாதிரி?"

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த காலரை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அம்மா முந்திக்கொண்டு, "நீ போய் வெளிய உக்காருடா," என்று தன் தம்பியைப் பார்த்துச் சொன்னாள். அந்தக் குரலுக்கு மாமா சிறுவயதிலிருந்தே பயந்தவர். போய்விட்டார்.

அப்பா ஒரு டிவி கம்பெனி முதலாளியின் கார் டிரைவர். மாதச் சந்தா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வீடு சானல் காட்டும் கம்பெனி. ஜனங்கள் எல்லாவற்றையும் ஃபோனிலேயே பார்க்கத் தொடங்கியதும் சந்தா கட்டுகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அப்போதுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. பெரிய டெலிகாம் கம்பெனி ஒன்று இந்த டிவி கம்பெனியை வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் போகிறதாம், சேர்ந்த மறுநாள் இதன் ஷேர் விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போகுமாம். யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் பேச்சுவார்த்தைக்கு முதலாளி காரில்தான் போகிறார், அந்தக் காரை ஓட்டுகிறவர் நம் தெருவில்தான் குடியிருக்கிறார் என்பது மட்டும் தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து அப்பா பட்டது நாய் படாத பாடு. ஞாயிற்றுக்கிழமை அவர் சீருடைக்கு இஸ்திரி போட்டால் திங்கட்கிழமை எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் ஷேர் வாங்கினார். ராத்திரி தாமதமாக வந்தால் மாமா வாங்கினார். பல்வலியோடு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்து இறங்கிய அன்று பாதித் தெரு விற்றது. அவரோ வாயைத் திறக்கவே இல்லை. கம்பெனியில் அவருக்கு வைத்த பட்டப்பெயரே பூட்டு. அம்மா ஒரே ஒரு தடவை, அதுவும் மாமாவின் தொல்லை தாங்காமல், என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தாள். "பின்சீட்டுல பேசுறது எனக்குக் குடுக்கிற சம்பளத்துல சேத்தி இல்ல," என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

அந்த வாய்தான் இப்போது மூடிக் கிடந்தது. நோய் வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு கேள்வியையும் கொண்டுவந்தார்கள். காய்ச்சலில் அவர் உளறினால் நர்ஸைவிட இவர்கள்தான் காதைக் கிட்டே கொண்டுபோனார்கள். மூத்தவள் எல்லாரையும் மனசுக்குள் குறித்து வைத்திருந்தாள்.

கூடத்தில் சவப்பெட்டியை வைத்து அப்பாவை அதில் கிடத்தியபோது நாற்காலிகள் நிறைந்திருந்தன. முதலாளி வரவில்லை. அப்பாவுக்குப் பதிலாக இப்போது அவர் காரை ஓட்டும் புது டிரைவர் வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். பெட்டியருகே கைகட்டி நின்றார். அவருடைய இரண்டு பக்கமும் மாமாவும் மருந்துக்கடைக்காரரும் அணைத்தாற்போல் நின்றார்கள்.

"வேலையெல்லாம் ரொம்பக் கஷ்டமா தம்பி? ராத்திரி லேட் ஆகுதோ?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர். எவ்வளவு பரிவு!

"பழகிடும் சார்."

"பெரிய ஹோட்டல் பக்கமெல்லாம் போகவேண்டியிருக்குமே?"

புது டிரைவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன்தான் எனக்கு வேலை சொல்லிக் குடுத்தார்," என்றார்.

அப்போது பூக்கடைக்கார அம்மாள் ஒரு மலர்வளையத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வெள்ளைப் பூ, ஆள் உயரம். வழிவிட்டவர்களில் யாரோ குறுக்கே போட்டிருந்த ரிப்பனைப் படித்தார்கள். படித்தவர் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார். கூடம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. ரிப்பனில் அந்த டெலிகாம் கம்பெனித் தலைவரின் பெயர். அதன் கீழே, 'எங்கள் பயணங்களின் துணைவருக்கு'.

"பயணங்கள்," என்றார் மாமா. "பன்மை. பாத்துக்கோங்க."

விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. டெலிகாம் தலைவருக்கு இந்த டிரைவரை எப்படித் தெரியும்? காரில் ஏறியிருந்தால்தானே தெரியும். ஏறியிருக்கிறார் என்றால் பேச்சு நடந்திருக்கிறது. அதுவும் பல தடவை. ஒருவர் எழுந்து ஃபோனில் படம் எடுத்தார். அப்புறம் எல்லாரும் எடுத்தார்கள். பெட்டியில் இருந்தவர் மட்டும் யார் படத்திலும் விழவில்லை. ஒருவர் பின்னொருவராக ஆண்கள் வாசலுக்கு நகர்ந்தார்கள்.

மூத்தவள் சமையலறையில் போய் நின்றாள். யார் மேல் கோபம் என்றே அவளுக்குத் தெளிவாகவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் காலத்தை ஓட்டிய மனுஷனை ஒரு முழ ரிப்பன் காட்டிக்கொடுத்துவிட்டது. அப்படியானால் அவர் கட்டிக் காத்ததுதான் என்ன?

பூக்கடை அம்மாள் பின்னாலேயே வந்தாள். "ஒரு வாய் தண்ணி குடும்மா." வாங்கிக் குடித்துவிட்டு, "தம்பி ஃபோன்ல சொன்ன மாதிரியே எழுதிட்டேன். பேரு சரியா வந்திருக்கா? பெரிய மனுஷங்க பேரு, தப்பாயிடக் கூடாதேன்னு ரெண்டு தடவை கேட்டு எழுதினேன்."

"எந்தத் தம்பி?"

"உன் தம்பிதான்மா. வேற யாரு?"

தம்பி பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்ஃபோன் உறையும் சார்ஜரும் விற்கிற சின்னக் கடை அவனுடையது. கடையின் முதலீட்டையெல்லாம் இந்த ஷேரில் போட்டுவிட்டு, பேச்சு அடங்கி விலை படுத்ததும் தூக்கம் கெட்டுத் திரிந்தவன். அவள் வந்ததைப் பார்த்தும் அவன் நிமிரவில்லை. விரல் மட்டும் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"விக்கிறியா?"

"அக்கா, அஞ்சு நிமிஷம்."

"அப்பா உள்ள கிடக்கறார். நீ இங்க அவரை வித்துக்கிட்டிருக்க."

"ஷேரை விக்கிறேன்."

"பூக்காரம்மா சொல்லிட்டாங்கடா."

அவன் விரல் நின்றது. பிறகு மீண்டும் தட்டினான். "சின்னக் கம்பெனி ஷேர், ரெண்டு பேர் தும்மினாலே விலை ஆடும். படம் எல்லா குரூப்லயும் ஓடுது. இன்னிக்கு விட்டா எனக்குக் கடை இல்ல."

"யாருடா வாங்குறது? வாசல்ல நிக்கிறாங்களே, அவங்கதானே? மாமா வாங்குறார்டா!"

"மாமாவை நான் வாங்கச் சொன்னேனா?" இப்போதுதான் நிமிர்ந்தான். அவன் கண்ணும் அழுதுதான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. "அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இப்படி நின்னிருப்பேனா? வாங்குடா, இல்ல வாங்காதடா. ஒரே வார்த்தை. முதலாளிக்காக ஆயுசு பூரா வாயைக் கட்டினாரே, பெத்த பிள்ளைக்கு ஒரு தடவை திறந்திருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?"

"மத்ததெல்லாம் போச்சு. அவர் வாயைத் திறக்காததுலதான் மானம் இருந்துச்சு. அதையும் எடுத்துட்டியேடா பாவி."

அவள் அறைய ஓங்கிய கையை எதற்கோ இறக்கிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள்.

மலர்வளையம் பெட்டியின் தலைமாட்டில் நிமிர்ந்து நின்றது. ரிப்பனைப் பிடித்து இழுத்தாள். பூவும் சேர்ந்து வந்தது. உட்கார்ந்திருந்த பெண்கள் பதறி எழுந்தார்கள். வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் கேளுங்க. இது பொய். அந்தத் தலைவர் ஒண்ணும் அனுப்பல. என் தம்பி காசு குடுத்து எழுத வச்சது. விலை ஏறணும்னு பண்ணினது. அப்பா யார்கிட்டயும் எதுவும் சொன்னதில்ல. போட்ட காசை வெளிய எடுங்க, இனி வாங்காதீங்க."

பூக்கடை அம்மாள் முன்னால் வந்து, "ஆமாங்க. தம்பிதான் சொன்னாரு, நான்தான் எழுதினேன்," என்றாள்.

மருந்துக்கடைக்காரர் மெல்லத் தலையை ஆட்டினார். "பின்ன நேரா அவங்களே அனுப்புவாங்களா? வீட்டு ஆள் மூலமாத்தான் பண்ணுவாங்க. பெரிய இடத்து வேலை அப்படித்தான்."

"சார், நான் சொல்றது காதுல விழலையா?"

"நல்லா விழுது. ரிப்பனைக் கிழிக்கச் சொல்லி யாரோ ஃபோன் பண்ணியிருக்காங்க. அதுவும் புரியுது."

மாமா அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். கண்ணில் பெருமை. "பூட்டுக்குப் பிறந்தது சாவியாவா இருக்கும்? நீ எதுவும் சொல்லவேண்டாம்மா. எங்களுக்குப் புரிஞ்சுடுச்சு." சொல்லிக்கொண்டே ஃபோனை எடுத்துக் காதில் வைத்தபடி வாசலுக்கு நடந்தார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

கிழிந்த ரிப்பனோடு அவள் நின்றாள். உண்மையைச் சொன்னால் இவர்களுக்கு வலிக்கும் என்று நினைத்திருந்தாள். வலிக்கவில்லை. அதையும் போட்டு விழுங்கிவிட்டார்கள். வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்த மனுஷனின் கெட்டிக்காரத்தனம் அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அமரர் ஊர்தி வந்துவிட்டது. வண்டிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "மூடிடலாமாம்மா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா பெட்டிக்குள் குனிந்து அப்பாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டு நகர்ந்தாள். மூடி இறங்கியது.

"தூக்க நாலு பேர் வாங்க சார்," என்று வண்டிக்காரர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். யாரோ இதோ என்று கை காட்டினார்கள். அவர் மறுபடியும் கூப்பிட்டார். வெளியே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூத்தவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தலைமாட்டுப் பிடியைப் பற்றினாள். எதிர்ப்பக்கத்தைப் புது டிரைவர் பற்றினார். அம்மா கால்மாட்டுக்கு வந்தாள். அவளுக்கு எதிரே பூக்கடை அம்மாள், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு. பின்கட்டிலிருந்து வந்த தம்பி சுவரோரம் நின்றான். கையை நீட்டினான். அவனுக்குப் பிடி எதுவும் மிச்சமில்லை.

பெட்டி நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வாசலில் மருந்துக்கடைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். பெட்டியின் முனை முதுகில் பட்டதும், காதிலிருந்து ஃபோனை எடுக்காமலே ஒதுங்கி வழிவிட்டார்.